பதினோரு கட்டளையும் ஒரு பலகையும்

திருக்காட்டுப்பள்ளி
நவம்பர் 10, திங்கட்கிழமை

அன்பு மகன் ஜெனித்துக்கு அம்மா எழுதுறது. மாதா காவல்ல இங்க நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். அங்க அந்த டப்ளின் குளிர்ல உனக்குச் சளி கிளி பிடிக்காம இருக்கணும்னு தினம் செபமாலையில ஒரு மணி உனக்காகத் தனியா உருட்டிக்கிட்டுதான் இருக்கேன். சௌக்கியம்னு எழுதலாம்னுதான் பேனாவை எடுத்தேன், பொய்யை எழுதி அதுக்குத் தபால் தலை வேற ஒட்டணுமான்னு விட்டுட்டேன். இருக்கோம், அவ்வளவுதான்.

என்னடா இது, அம்மா காயிதம் போடுறாங்க, வாட்ஸ்அப் செத்துப்போச்சான்னு நெனப்ப. சாகலை. நான் பேசி அனுப்புறதை ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டித்தான் கேப்பேன்னு நீயே ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்ன. நானும் அன்னைக்குச் சிரிச்சுத் தொலைச்சேன். பேப்பரை அப்படி ஓட்ட முடியாதுல்ல, அதான். சத்துணவுல இருபத்தெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதின கை இது, எழுத்து புரியலைன்னு மட்டும் சொல்லிடாதே. கடிதம் முழுக்க ஒரே சமாச்சாரம்தான். அப்பாவோட வலது கை கட்டைவிரல், நீ குடுத்துட்டுப் போன கேம் பெட்டி, நீ வராத ஞாயித்துக்கிழமை. ஊருக்கு வான்னு கூப்பிடப் போறேன்னு பயந்துக்காதே. அதைக் கேட்டுக் கேட்டு என் வாயும் ஓஞ்சுபோச்சு, லீவு இல்லை லீவு இல்லைன்னு சொல்லி உன் வாயும் ஓஞ்சிருக்கும். நான் கேக்கப் போறது வாரத்துக்கு அரை மணி நேரம், அதையும் நீ உன் சோபாவை விட்டு எழுந்திரிக்காமலே குடுக்கலாம். அதை இப்பவே சொல்லிடுறேன், பாதியில மடிச்சு வச்சுட்டாலும் இது உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

ஊர் விஷயம் கொஞ்சம் சொல்லிடுறேன். இந்த ஐப்பசி மழை பிச்சு எடுத்துடுச்சு. குறுவை அறுப்பும் மழையும் ஒண்ணா வந்து, நம்ம குத்தகைக்காரர் ரெத்தினம் நம்ம மூணு மா நிலத்துல அறுத்ததை ரோட்டுல கொட்டிக் கொட்டிக் காயவச்சுப் பார்த்தும் ஈரம் அடங்கலை. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் கூடுதல்னு சொல்லிட்டாங்க, பாவம், தார்ப்பாயைப் போட்டு மூடி வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. குத்தகை நெல்லுன்னு நம்ம சாப்பாட்டுக்கு ரெண்டு மூட்டை கொண்டாந்து ரேழியில இறக்கிட்டுப் போனாரு. அந்த நெல்லைப் பத்தி அப்புறம் சொல்றேன், அதுலதான் என் கிரகம் பிடிச்சிருந்துச்சு. கல்லறைத் திருநாளுக்கு நான் மட்டும்தான் போனேன், அப்பாவை அந்தச் சேத்துல கூட்டிட்டுப் போக முடியலை. தாத்தா கல்லறைக்கு வெள்ளை அடிச்சு, ரெண்டு மெழுகுதிரி ஏத்தி, மழை அணைக்க அணைக்கத் திரும்பத் திரும்பக் கொளுத்திட்டு வந்தேன். பங்குச் சாமி உன்னை விசாரிச்சாரு. நல்லா இருக்கான்னு சொன்னேன், கோயில் வாசல்லயே ஒரு பொய்.

வர்ற சாம்பல் புதன் வந்தா அப்பா பக்கவாதத்துல விழுந்து ரெண்டு வருஷம். கடையில உக்காந்து மோட்டாருக்குக் காயில் சுத்திக்கிட்டு இருந்தவங்க கையிலேர்ந்து கம்பி நழுவிடுச்சுன்னு குனிஞ்சாங்க, நிமிரவே இல்லை. நீ வந்த. இல்லேன்னு சொல்லலை. ஒன்பது நாள் இருந்த, அதுல நாலு நாள் மாடியில லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு மீட்டிங். கை விரலை அசைச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா அப்படியே மடங்கிக் கெட்டியாகிடும்னு பிசியோதெரபி பொண்ணு கமருன்னிஸா சொன்னப்பதான் நீ பெட்டியைத் திறந்து உன் பழைய கேம் பெட்டியை எடுத்த. சென்னையில முதல் சம்பளத்துல வாங்கினது, எங்களுக்கு ஒரு சேலை வேட்டி வாங்குறதுக்கு முந்தி நீ வாங்கினது அதுதான், எனக்கு மறக்கலை. ரெண்டு கையாலயும் பிடிக்கணும், இடது கட்டைவிரலால குமிழை நகர்த்தணும், வலது கட்டைவிரலால பொத்தானை அமுக்கணும், அப்பாவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லைன்னு சொன்ன. கமருன்னிஸாவும் நல்லதுதான்னுச்சு. எனக்கு அன்னைக்கே வயிறு எரிஞ்சுச்சு, புள்ளை இருக்கவேண்டிய இடத்துல ஒரு பெட்டியை வச்சுட்டுப் போறானேன்னு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, பெட்டி வேலை செஞ்சுச்சு.

கிளம்புற அன்னைக்குக் காலையில உக்காந்து ஒரு தாள்ல எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டின. இன்னும் அங்கேயேதான் இருக்கு, எண்ணெய்க் கை பட்டு மஞ்சளாகிப் போச்சு. சார்ஜ் இருபதுக்குக் கீழே போக விடாதீங்க, எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க. கூட வந்த சார்ஜரை மட்டும் போடுங்க. சார்ஜ் ஏறும்போது விளையாட வேண்டாம். ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, தலையைப் பிடிச்சுக் கழட்டுங்க. வெயில்ல வைக்காதீங்க. மெத்தை மேல வச்சு விளையாடினா காத்து ஓட்டை அடைச்சுச் சூடாகும். வெளிச்சத்தைக் குறைச்சு வைங்க. கை துடைச்சுட்டுத் தொடுங்க. திரையைக் கண்ணாடி துடைக்கிற துணியால மட்டும் துடைங்க. குமிழைப் போட்டு அமுக்காதீங்க. ஈரம் ஆகாது, காஞ்ச இடத்துல வைங்க. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு. ஆண்டவரே மோசேகிட்ட பத்தோட நிறுத்திக்கிட்டாரு. அந்தத் தாள்ல அப்பாவுக்குக் காலை மாத்திரை எது, பிரஷர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும், முதுகுல புண்ணு வராம எப்படிப் புரட்டிப் படுக்கவைக்கணும், ஒரு வரி கிடையாது. பெட்டி நீடிச்சு உழைக்கணும்னு உனக்கு இருந்த அக்கறையைப் படிச்சுட்டு அப்படியே அடுப்படியில உக்காந்துட்டேன்.

ஆனா அப்பாவுக்கு அந்தத் தாள் மேல கோபமே வரலை, அதைச் சொல்லணும். உனக்குத்தான் தெரியுமே, மோட்டாரைத் தண்ணி இல்லாம ஓட்டிக் காயிலைக் கருக்கிட்டு வர்றவங்களைக் கடை வாசல்ல நிறுத்தி வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. பொருளை ஆளத் தெரியாதவனுக்குப் பொருள் எதுக்குன்னு கேப்பாங்க. அந்த மனுஷனுக்கு உன் பதினோரு கட்டளையும் வேதம் மாதிரி ஆகிடுச்சு. சார்ஜ் போட்டா பக்கத்துலயே உக்காந்துடுவாங்க, எண்பது வந்தா இடது கையால மேசையில படார் படார்னு தட்டுவாங்க, நான் கரண்டியோட ஓடிவந்து பிடுங்கணும். குழம்பு அடி பிடிச்சாலும் பரவாயில்லை, எண்பத்தொண்ணு ஆகக் கூடாது. முறுக்கு தின்ன கையோட தொட மாட்டாங்க, துண்டை நீட்டுவாங்க, நான் ஒவ்வொரு விரலா துடைச்சுவிடணும். உன் தாள்ல இல்லாத பன்னிரண்டாவதையும் அவங்களே கண்டுபிடிச்சாங்க. கரண்ட் போய் வந்த உடனே செருகக் கூடாது, பத்து நிமிஷம் பொறுக்கணும், பம்புசெட்டெல்லாம் ஒண்ணா ஓடுற காலை நேரத்துல லோ வோல்டேஜ், அப்பவும் செருகக் கூடாது. இதெல்லாம் எனக்கு விரலைக் காட்டிக் காட்டியே சொல்லிக்குடுத்தாங்க. போன உயிர்ப்பு ஞாயிறு அன்னைக்குப் பூசைக்குக் கிளம்புறப்ப தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டாங்க. ஒரே ஒரு பொத்தான், மேல் பொத்தான். உனக்குப் போட்டோ அனுப்பினேன், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற ஒரு படம் போட்ட. நல்ல பொருத்தம்னு அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன்.

எதனால அப்பா அந்தப் பெட்டியை அப்படிக் கட்டிக்கிட்டுக் கெடந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? விரலுக்காகன்னு நீயும் நெனச்ச, நானும் நெனச்சேன். நீ திரும்ப டப்ளின் போய்ச் சேர்ந்து பதினஞ்சு நாள் இருக்கும், ஸ்பீக்கர்ல போட்டு போனை அப்பா மடியில வச்சேன். என்னமோ கேட்டாங்க. என்ன சாப்பிட்டன்னுதான் கேட்டாங்க, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டதால குழறலா வந்துச்சு. நீ என்னப்பா என்னப்பான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, ஒண்ணும் புரியலைப்பா, அம்மாகிட்ட குடுங்கன்னுட்ட. அவசரத்துல சொன்னதா இருக்கும். கேட்டவங்களுக்கு அவசரம் இல்லையே. அன்னையிலேர்ந்து அப்பா போனைத் தொடுறதில்லை. நான் நீட்டினா தலையை ஆட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. உன்கிட்ட இதை நான் சொல்லலை, உன் மனசு கஷ்டப்படுமேன்னு. இப்ப சொல்றேன், கஷ்டப்படு.

கேம்லதான் பேச வேண்டியதில்லையே. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி, உங்களுக்கு அப்ப காலையில பதினொண்ணரை பன்னிரண்டரை, நான் என் போன்லேர்ந்து நெட்டைத் திறந்து விடுவேன். கேமுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வச்ச அந்தத் தோட்டத்துல நடுவுல ஒரு வாய்க்கால், மேல ஒரு மரப்பாலம், இந்தப் பக்கம் அப்பாது, அந்தப் பக்கம் உன்னுது. நெல்லு இல்லாம முள்ளங்கியும் பூசணியும் போட்டுக்கிட்டு இது என்ன விவசாயம்னு நான் கூடக் கேலி பண்ணுவேன். வாய்க்கால்ல வருஷம் பூராத் தண்ணி ஓடுது, மேட்டூர் திறக்கணும்னு இல்லை, குடுத்து வச்ச ஊருன்னு சொல்வேன். நீ அங்கேர்ந்தே சிவப்புத் தொப்பி போட்ட பொம்மையா அந்தப் பாலத்துல ஏறி வருவ. வந்ததும் ரெண்டு குதி குதிப்ப. அப்பாவும் பொத்தானை அமுக்கித் திரும்ப ரெண்டு குதி. அந்தக் குதிக்கு அப்பா சிரிப்பாங்க பாரு, வாய் கோணினதே தெரியாது. அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாம தண்ணி ஊத்துவீங்க. நான் பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆய்வேன். இந்த வீட்டுல எனக்கு அந்த அரை மணி நேரம்தான் சந்தோஷம், இப்ப எழுதும்போதுதான் எனக்கே தெரியுது.

மேட்டூர்ல தண்ணி திறந்த வாரம்தான் அந்தப் பாலத்துக்கு நீ கடைசியா வந்தது. அடுத்த ஞாயிறு வேலைன்ன. அதுக்கடுத்து ப்ரெண்டு கல்யாணம்ன. அப்புறம் சொல்றதையும் நிறுத்திட்ட. அப்பா அஞ்சு மணிக்கு எழுபத்தெட்டு எழுபத்தொன்பது சார்ஜோட பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. பாலத்துக்குப் பக்கத்துல அந்தப் பொம்மையைக் கொண்டுபோய் நிறுத்தி வச்சுக்கிட்டு ஆறு மணி வரைக்கும் பார்ப்பாங்க. அந்தக் கேம்ல தண்ணி ஊத்தாட்டி செடி வாடிடும்போல. உன் பக்கத்துச் செடி வாடக் கூடாதுன்னு இவங்களே பாலத்தைத் தாண்டிப் போய் உன் பக்கமும் ஊத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டு தோட்டத்து வேலை, பாதி விரலோட. விரலுக்கு நல்லதுதானேன்னு நானும் விட்டேன். நடுவுல ஆவணியில நீ ஒரு மெசேஜ் போட்டிருந்த, ஞாபகம் இருக்கா? பேட்டரி எப்படி இருக்கு, நிக்குதான்னு. பேட்டரி நிக்குதுடா, நல்லாவே நிக்குது.

இப்ப என் தப்புக்கு வர்றேன். உன்னை மட்டும் திட்டிக்கிட்டுப் போனா அது நியாயம் இல்லை. தீபாவளிக்கு அடுத்து பத்து நாள் விடாம மழை, சுவத்துல கை வச்சா நனையுது, நடுவுல நாலு நாள் கரண்டே இல்லை. பெட்டியோட உறை பூசணம் பூத்துப் போச்சு. ஈரம் ஆகாதுன்னு நீ எழுதின பதினோராவது என் தலைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. தண்ணியில விழுந்த போனை அரிசியில போட்டு வைக்கிறாங்கல்ல, அரிசிக்கே அந்தச் சக்தின்னா நெல்லுக்கு இன்னும் கூடத்தானே இருக்கும்னு என் புத்திக்குத் தோணுச்சு. ஒரு மெல்லிசுத் துணியில சுத்தி ரெத்தினம் கொண்டாந்த மூட்டைக்குள்ள ஆழமாப் புதைச்சு வச்சேன். ஈரம்னு திருப்பிவிட்ட நெல்லுக்குள்ள ஈரம் ஆகாத சாமானை வச்சேன். இருபத்தெட்டு வருஷம் அரிசி மூட்டையை இறக்கி ஏத்தினவ, புது நெல்லு வேர்க்கும்னு தெரியாதவளா? அதோட சுணை. நெல்லு அள்ளினா கையெல்லாம் அரிக்குமே அந்தத் தூசி, துணியைத் தாண்டிக் குமிழுக்குள்ளயும் காத்து ஓட்டைக்குள்ளயும் போய் அப்பிக்கிச்சு. கரண்ட் வந்த அன்னைக்கு எடுத்துக் குடுத்தேன். பொம்மை தானா இடது பக்கமே நடக்குது. அப்பா பாலத்துக்குப் போகப் பார்க்குறாங்க, அது நேரா வாய்க்கால்ல போய் விழுகுது. ஏத்தி விடுறாங்க, திரும்ப விழுகுது. ஒரு பத்து தடவை இருக்கும். பெட்டியை என் மடியில வச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. அவங்க என்னைத் திட்டியிருந்தா நான் சோறு தின்னிருப்பேன்.

உனக்குச் சொன்னேன். நீ விடுங்கம்மா, அது எட்டு வருஷப் பழசு, புதுசே போட்டு விடுறேன்ன. நாலாம் நாள் வாசல்ல வந்து நிக்குது. என்னா வேகம்! மழைத் தண்ணி முழங்காலுக்கு ஓடுது, அதுல ஒரு பையன் பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்து கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டுப் போறான். உலகத்துல எல்லாம் எங்க வாசலுக்கு வந்து சேருது. பளபளன்னு புதுசு, பெரிய திரை. அப்பா ஆசையாத்தான் வாங்கிப் பார்த்தாங்க. திறந்தா வெறும் தரை. பூசணி இல்லை, பாலம் இல்லை, உன் பக்கம்னு ஒரு பக்கமே இல்லை. பழைய தோட்டத்தை இதுக்கு மாத்தணும்னா நீதான் உன் கணக்கைத் திறந்து கூட இருந்து செஞ்சு குடுக்கணுமாம், கேட்டதுக்கு அடுத்த வாரம் பார்க்கலாம்மான்னு சொன்ன. அப்பா புதுசை அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வச்சு, இடது கையால அழுத்தி மூடி, என் பக்கம் தள்ளிவிட்டாங்க. அதுக்கப்புறம் எதையும் தொடலை. கமருன்னிஸா வந்து கட்டைவிரலை நீட்டிப் பார்த்துட்டு, ஆன்ட்டி, திரும்ப மடங்க ஆரம்பிச்சிருக்கு, இப்படியே விட்டா ரெண்டு வருஷ வேலையும் வீணாப்போயிடும், என்னமோ செய்யுங்கன்னு சொல்லுச்சு. நான் வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?

பழசைப் பையில போட்டுக்கிட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல ஷஹ்பாஸ்னு ஒருத்தரு போன் ரிப்பேர் கடை வச்சிருக்காரு, இதெல்லாம் பார்ப்பாருன்னு கமருன்னிஸாதான் சொல்லி அனுப்புச்சு. திறந்து, பிரஷ்ஷால தட்டி, ஒரு வெள்ளைத் தாள்ல கொட்டிக் காட்டினாரு. மஞ்சளா பவுடர் மாதிரி சுணை, நடுவுல உடைஞ்ச நெல்லுமுனை ஒண்ணு. அவரு சர்வீஸ்ல மணல் பார்த்திருக்காராம், டீ பார்த்திருக்காராம், எறும்புக் கூடு கூடப் பார்த்திருக்காராம், நெல்லு இதுதான் முதல் தடவையாம். எனக்கு வெக்கமாப் போச்சு. சனிக்கிழமை வாங்க, குமிழை மாத்தி வைக்கிறேன்னாரு. சனிக்கிழமை போனப்ப வேற ஒண்ணு கேட்டாரு, அம்மா, இதை யாரு வச்சுப் புழங்குறதுன்னு. ஏன்னேன். எட்டு வருஷ பேட்டரி, பொதுவா இதுக்குள்ள உப்பிப் போயிருக்கும், இது அப்படியே இருக்கு, சார்ஜ் போடுற வாய் கூட ஆடலை, இப்படியே வச்சுக்கிட்டா இன்னும் அஞ்சு வருஷம் வரும்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு. உன் அப்பாவுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கின மாதிரி. கடைப்படி இறங்குறப்ப அந்தப் பெருமையெல்லாம் போயிடுச்சு. பெட்டிக்கு அஞ்சு வருஷம்னு சொல்ல ஒரு ஆள் இருக்காரு. அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு எத்தனைன்னு எந்த டாக்டரும் எனக்கு வாயைத் திறந்து சொன்னதில்லை.

பஸ் கிளம்ப நேரம் இருந்துச்சு. சரியாகிடுச்சான்னு நானே திறந்து பார்த்தேன், எனக்கும் கொஞ்சம் நகர்த்தத் தெரியும், பார்த்துப் பார்த்துப் பழகினதுதான். பொம்மை சொன்ன பேச்சைக் கேட்டு நேரா நடந்துச்சு. பாலத்து மேல ஏத்தினேன். அதுல ஒரு பட்டியல் வருது, யாரு யாரு எப்ப வந்தாங்கன்னு. உன் பேருக்கு நேரா நூத்தி நாப்பத்தாறு நாளைக்கு முன்னாடின்னு போட்டிருக்கு. அந்தப் பொம்மைக்கடை கேமுக்கு இருக்கிற கணக்கு உனக்கு இல்லை. பாலத்தைத் தாண்டினேன். உன் பக்கம் வாசப்படி மாதிரி ஒரு இடம் இருக்குல்ல, அங்க ஒரு மரப்பலகை நட்டிருக்கு. முன்னாடி நான் பார்த்ததே இல்லை. அப்பா எப்பவும் பெட்டியைத் தன் பக்கம் சாய்ச்சுத்தானே பிடிப்பாங்க. பக்கத்துல போய் பொத்தானை அமுக்கினா எழுத்து விரியுது. இங்கிலீஷ் எழுத்து, ஆனா தமிழ். உன் பேரைப் போட்டு, தண்ணி நான் விட்டுட்டேன், நீ சும்மா வா, அப்படின்னு இருக்கு.

ஜெனித்து, அது என்னைக்கு எழுதினதுன்னு எனக்குத் தெரியும். ஆடி மாசம் ஒரு நாள், மதியம் சாப்பிட்டதும் பெட்டியை எடுத்தவங்க என்னைக் கையைக் காட்டிப் போகச் சொல்லிட்டு நாலு மணி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தாங்க. போய்ப் பார்த்தா சார்ஜ் பதினாலு. இருபதுக்குக் கீழே விடாதீங்கன்னு புள்ளை எழுதி வச்சிருக்கான், படிக்கத் தெரியாதா, அவன் சாமானைக் கெடுக்கவா பார்க்குறீங்கன்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பேனா பிடிக்க முடியாது, பேசினா உனக்குப் புரியாது, ஒவ்வொரு எழுத்தா தேடிப்பிடிச்சு அந்தக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கி மகனுக்கு ஒரு வரி எழுதினவங்களை நான் பேட்டரிக்காகத் திட்டினேன். அவங்களும் வாங்கிக்கிட்டாங்க. எந்தக் கட்டளையையும் மீறாத மனுஷன் அந்த ஒரு நாள்தான் மீறினாங்க. பஸ்ல முந்தானையை வாயில வச்சுக்கிட்டேதான் ஊர் வந்து சேர்ந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டா. இல்லை, எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னேன்.

பலகையைப் பார்த்தேன்னு நான் அப்பாகிட்ட சொல்லலை, நீயும் காட்டிக்காதே. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கலாம், ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுட்டு முடிச்சிருப்ப. அதுக்குத்தான் காயிதம். நேத்து ஞாயிறு பெட்டியைக் கையில குடுத்தேன். வாங்கிக் குமிழை ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தாங்க, துண்டைக் காட்டிக் கையைத் துடைக்கச் சொன்னாங்க. பதினாலு நாள் காஞ்ச செடி, பாதி போயிடுச்சு. முதல்ல பாலத்தைத் தாண்டி உன் பக்கத்துக்குத்தான் ஊத்தினாங்க, அப்புறம்தான் தன் பக்கம். கட்டைவிரல் நடுங்குது, முன்ன மாதிரி இல்லை, பொத்தானை ரெண்டு மூணு தடவை தவற விடுறாங்க. அஞ்சு மணி ஆச்சு, ஆறு மணி ஆச்சு. நேத்தோட இருபத்தொரு ஞாயிறு.

உன் மேல இருக்கிற கோபத்துல ஏதேதோ எழுதிட்டேன், அடிச்சுத் திருத்த மாட்டேன், இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, அந்த மைக்ரோவேவ்ல சூடு பண்ணினதையே திரும்பத் திரும்பச் சூடு பண்ணித் தின்னாதே. தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டு. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாரு, பூண்டி மாதா உன் கூட இருப்பாங்க, அம்மா திட்டினது அம்மாவோட போகட்டும், உன் மேல ஒரு தூசி ஒட்ட வேண்டாம். இந்தக் காயிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு ஞாயிறு போயிடும், அதையும் சேர்த்து எண்ணிக்க. நம்ம ஊர் நேரம் சாயந்திரம் அஞ்சு. சார்ஜ் எண்பதுல இருக்கும், அதை நான் பார்த்துக்கறேன். வந்தா அந்தத் தொப்பியோட ரெண்டு குதி குதி. வேலை எதுவும் செய்யாதே, தண்ணியெல்லாம் அப்பா விட்டிருப்பாங்க.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா மரியபுஷ்பம்

(கீழே கோணலாத் தெரியுற கையெழுத்து அப்பாவோடது. கடிதத்துல என்ன இருக்குன்னு கேக்கலை. பேனாவை விரலுக்கு நடுவுல நான் பிடிச்சுக்கிட்டேன், எழுதினது அவங்கதான்.)

பெரியநாயகசாமி